83-ஆம் நிமிடம்: இந்திய 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணியும் நெல்லைச் சீமையும்

2017 அக்டோபர் 9, டெல்லி ஜவாஹர்லால் நேரு மைதானம், 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை. கொலம்பியா 1, இந்தியா 0. 82-ஆம் நிமிடத்தில் பெங்களூருப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் எடுத்தார். மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங் எகிறித் தலையால் முட்ட, பந்து உள்ளே போனது. எந்த வயதுப் பிரிவானாலும், ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அதுதான். அந்த ஆரவாரம் அடங்குவதற்குள், 83-ஆம் நிமிடத்தில், கொலம்பியாவின் பெனலோசா தன் இரண்டாவது கோலை அடித்துவிட்டார். ஆட்டம் 2–1 என்று முடிந்தது.

அந்த அணியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஜீக்சனின் கோலைத்தான் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான், பெருமையான கோல். ஆனால் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிற எவரும் அதைவிட அதிக நேரம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது அடுத்து வந்த நிமிடத்தைப் பற்றி. இந்த அணியின் வரலாற்றையும் ஆட்டக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று திரும்பத் திரும்பத் தெரிந்தது: நம் பிள்ளைகள் போதுமான ஆட்டம் ஆடாமலே பெரிய ஆட்டத்துக்குப் போகிறார்கள். முழு நேரம் ஆடி, புள்ளி எண்ணி, தோற்றாலும் அடுத்த வாரம் மறுபடி இறங்குகிற ஆட்டங்கள் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. பாளையங்கோட்டையிலும் காயல்பட்டினத்திலும் உவரியிலும் பந்து உதைக்கிற பிள்ளைகளுக்கும் இதே குறைதான். அதனால்தான் டெல்லியில் நடந்ததை நெல்லையில் உட்கார்ந்து இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அணி கடந்து வந்த வழி

இளையோர் கால்பந்தில் இந்தியாவுக்கு ஆசியப் பட்டம் ஒன்று உண்டு என்பது இன்றைய பையன்கள் பலருக்குத் தெரியாது. 1974-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 2–2 என்று சமன் செய்து பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. ஷபீர் அலி தலைவர், அருண் கோஷ் பயிற்சியாளர். அதன்பின் இந்த அளவில் ஆசியப் பட்டம் எதுவும் வரவில்லை.

16 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டிக்கு இந்தியா முதன்முதலில் தகுதி பெற்றது 1990-இல். அந்தப் போட்டியைத்தான் இப்போது 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை என்று நடத்துகிறார்கள். அதில் இந்தியா காலிறுதி வரை போனது 2 முறை, 2002-இலும் 2018-இலும். தெற்காசியாவுக்குள் கதை வேறு. 2013-இல் காத்மாண்டு, 2017-இல் மறுபடி காத்மாண்டு, 2019-இல் கல்யாணி, அப்புறம் 2022 முதல் 2025 வரை ஆண்டுதோறும் தெற்காசியப் பட்டம் இந்தியாவுக்குத்தான். அண்டை நாடுகளை வென்றுவிட்டு ஆசியாவுக்குப் போனதும் தடுமாறுகிறோம். இந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

2017 அணி: எப்படிக் கட்டினார்கள்

போட்டியை நடத்துகிற நாடு என்பதால் 2017 உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதிச் சுற்று ஆட வேண்டியிருக்கவில்லை. உரிமை கிடைத்தது 2013 டிசம்பரில். நாடு முழுக்கப் பையன்களைத் தேடிப் பொறுக்கி, கோவாவில் முகாம் போட்டு, வெளிநாடுகளுக்குக் கூட்டிப்போய் ஆட வைத்தார்கள். ஜெர்மனியின் நிக்கோலாய் ஆடம் பயிற்சியாளர். 2016 செப்டம்பரில் கோவாவிலேயே நடந்த ஆசியப் போட்டியில் இந்த அணி ஐக்கிய அரபு எமிரேட்ஸிடம் 2–3, ஈரானிடம் 0–3 எனத் தோற்று, சவுதி அரேபியாவுடன் 3–3 என்று சமன் செய்தது. 2017 தொடக்கத்தில் ஆடம் விலக, போர்ச்சுகலின் லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் வந்தார். உலகக் கோப்பைக்கு அப்போது ஏழெட்டு மாதம்தான் இருந்தது.

அந்த மே மாதம் இத்தாலியையே இந்தியப் பையன்கள் 2–0 என வென்றுவிட்டதாகச் செய்தி வந்து நாடே கொண்டாடியது. எதிரில் ஆடியது இத்தாலியின் தேசிய அணி இல்லை, கீழ்நிலை லீக்குகளிலிருந்து எடுத்த ஓர் அணி என்பது பிறகு தெரிந்தது. பையன்கள்மேல் இதில் ஒரு தப்பும் இல்லை, எதிரில் யார் நின்றாலும் ஆடி ஜெயித்தார்கள். ஆனால் நட்பு ஆட்டங்களை வைத்து ஓர் அணியை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னொரு சம்பவம்தான் இந்த ஆய்வுக்கு முக்கியமானது. முகாமில் இருந்த தேசிய அணி, பஞ்சாபின் மினர்வா அகாடமிப் பையன்களோடு ஒரு பயிற்சி ஆட்டம் ஆடித் தோற்றது. மாட்டோஸ் அந்த மினர்வா பையன்களில் சிலரை அப்படியே தன் அணிக்குள் எடுத்துக்கொண்டார். அவர்களில் ஒருவர்தான் ஜீக்சன் சிங். ஆண்டுக்கணக்கில் முகாமில் வளர்த்த அணிக்கு உலகக் கோப்பையின் ஒரே கோலை அடித்துக் கொடுத்தவர், கடைசி நேரத்தில் கிளப் பக்கமிருந்து வந்தவர். முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முகாமில் தினமும் ஒரே முகங்களோடு ஆடுவதும், தோற்றால் புள்ளி போகும் என்று தெரிந்து லீக்கில் ஆடுவதும் ஒன்றாகாது.

9 கோல்களின் நேரம்

முடிவுகளை எல்லோரும் அறிவோம். அமெரிக்காவிடம் 0–3, கொலம்பியாவிடம் 1–2, கானாவிடம் 0–4. அடித்தது 1, வாங்கியது 9. "உடம்பு பத்தலை, அவனுவ எல்லாம் மாடு மாதிரி இருக்கானுவ" என்று நம்ம ஊர் டீக்கடையில் சொன்னார்கள். கானா ஆட்டத்துக்கு அது ஓரளவு பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் கோல் விழுந்த நிமிடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

அமெரிக்கா: 30, 51, 84. கொலம்பியா: 49, 83. கானா: 43, 52, 86, 87.

இடைவேளை முடிந்து இறங்கிய முதல் ஏழு நிமிடங்களுக்குள், மூன்று ஆட்டத்திலும் ஆளுக்கு ஒன்றாக மூன்று கோல். 83-ஆம் நிமிடத்திலிருந்து நான்கு கோல். ஆக 9-இல் 7 கோல்கள் இரண்டே குறுகிய நேரத்துக்குள் விழுந்திருக்கின்றன. உடல்வலுதான் முழுக் காரணம் என்றால் கோல்கள் ஆட்டம் முழுக்கப் பரவி விழுந்திருக்கும். அப்படி விழவில்லை. மீதி நேரமெல்லாம் நம் பையன்கள் உலகத் தரத்துக்கு ஈடுகொடுத்து நின்றார்கள். கோல்கீப்பர் தீரஜ் சிங் ஆட்டத்துக்கு ஆட்டம் காப்பாற்றினார்.

84-ஆம் நிமிட அமெரிக்க கோல் எப்படி வந்தது என்று பாருங்கள். நடுத் தடுப்பாட்டக்காரர் அன்வர் அலி ஏறிப்போய் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நம் பையன்கள் "அய்யோ" என்று தலையில் கை வைக்கும் நேரத்தில் அமெரிக்கா அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு ஓடி முடித்துவிட்டது. மூன்று நாள் கழித்து கொலம்பியாவுடன் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். கார்னர் என்பதால் உயரமான பையன்கள் எல்லோரும் முன்னால் போயிருக்கிறார்கள், கோல் விழுந்த மகிழ்ச்சியில் ஓடி மூச்சு வாங்குகிறார்கள், நடுக்கோட்டில் பந்து எதிரணியிடம். அந்த நேரத்தில் யார் நடுவை அடைப்பது, யார் பின்னால் இழுப்பது, யார் சத்தம் போட்டு எல்லோரையும் இடத்துக்குக் கொண்டுவருவது? இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். ஆனால் கோல் அடித்து, உடனே கோல் வாங்கி, அந்த எரிச்சலோடு வீட்டுக்குப் போய், அடுத்த வாரம் அதே நிலைமையில் சரியாக ஆடியவனுக்குத்தான் அது உடம்பில் ஊறும். அதற்கு ஆட்டங்கள் வேண்டும், நிறைய வேண்டும்.

அந்தப் பையன்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது என் வாதத்துக்குப் பலம் சேர்க்கிறது. உலகக் கோப்பை முடிந்த கையோடு அவர்களில் பெரும்பாலோரை இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் ஐ-லீக் என்ற தேசியக் கிளப் போட்டியில் இறக்கினார்கள். எதிரில் வளர்ந்த ஆட்கள், வெளிநாட்டு வீரர்கள். முதல் ஆட்டத்தில் சென்னை சிட்டியை 3–0 என்று வென்றார்கள், ஆனால் 18 ஆட்டம் முடிந்தபோது பட்டியலில் கடைசி இடம். கடைசி இடம் என்றாலும் 18 ஆட்டம்! ஜீக்சன், சுரேஷ் சிங், அன்வர் அலி, லாலெங்மாவியா, ரஹீம் அலி என்று அந்த 21 பேரில் பலர் பின்னர் இந்தியாவின் மூத்த அணி வரை போனார்கள். மூன்றிலும் தோற்ற அணி என்று அவர்களை ஒதுக்கிவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

2018, ஓர் அடி தூரம்

அடுத்த தொகுதி பயிற்சியாளர் பிபியானோ பெர்னாண்டஸ் வளர்த்தது. 2017-இல் காத்மாண்டுவில் தெற்காசியப் பட்டம் வென்ற அதே பையன்கள். 2018 ஆகஸ்டில் ஜோர்டானில் ஈராக்கை 1–0 என வென்றார்கள். அப்போதைய ஆசிய சாம்பியன் ஈராக்தான். அதே நாட்களில்தான் நம் 20 வயதுக்குட்பட்ட அணி ஸ்பெயினில் அர்ஜென்டினாவை 2–1 என்று சாய்த்தது.

செப்டம்பரில் மலேசியாவில் ஆசியப் போட்டி. வியட்நாமை விக்ரம் பிரதாப் சிங்கின் பெனால்டியால் 1–0 என்று வென்று, ஈரானோடும் இந்தோனேசியாவோடும் 0–0. ஒரு கோல்கூட வாங்காமல் காலிறுதி. அரையிறுதிக்குப் போனால் உலகக் கோப்பை, அதுவும் போட்டியை நடத்துபவர் என்ற சலுகை இல்லாமல் சொந்தக் காலில். தென்கொரியாவிடம் 68-ஆம் நிமிடத்தில் ஒரு கோல் வாங்கி 0–1 என்று தோற்றார்கள்.

நான்கு ஆட்டத்தில் வாங்கியது 1, அடித்ததும் 1. அந்த ஒன்றும் பெனால்டி. 2016-இல் அடித்தது 5, வாங்கியது 9. 2023-இல் தாய்லாந்தில் வியட்நாமுடன் 1–1, உஸ்பெகிஸ்தானிடம் 0–1, ஜப்பானிடம் 4–8: அடித்தது 5, வாங்கியது 10. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று புரியும். பூட்டிக்கொண்டு ஆடினால் கோல் வரவில்லை, திறந்து ஆடினால் தாங்க முடியவில்லை. தடுப்பாட்டத்தை ஒரு நல்ல பயிற்சியாளர் முகாமில் சில மாதங்களில் கட்டிவிட முடியும், பிபியானோ கட்டிக் காட்டினார். எப்போது பூட்டுவது, எப்போது திறப்பது என்ற கணிப்பு பத்து வயதிலிருந்து ஆடி ஆடி வருவது. இன்னொன்று, ஜப்பான் பையன்கள் யாரும் ராட்சதர்கள் இல்லை. நம் பையன்களின் உயரம்தான். 8 கோல் அடித்தார்கள்.

அதன்பிறகு 2024 அக்டோபரில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் புருனேயை 13–0, துர்க்மெனிஸ்தானை 7–1 என்று நொறுக்கிவிட்டு, தேவையான ஆட்டத்தில் தாய்லாந்திடம் 2–3 எனத் தோற்று வெளியேறினோம். 2025-இல் உலகக் கோப்பை 48 அணிகளாக விரிந்து, ஆசியாவுக்கு இடம் கூடியிருந்த நேரத்தில் இந்த வாய்ப்பு போனது. ஆனால் 2025 நவம்பர் கடைசியில் அகமதாபாத்தில் ஈரானிடம் முதலில் கோல் வாங்கி, சமன் செய்து, இடைவேளைக்குப் பிறகு இரண்டாவதும் அடித்து 2–1 என்று பிடித்து நிறுத்தி, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். எனக்கு அந்த வெற்றியில் மிகவும் பிடித்தது கடைசி அரை மணி நேரம். எந்த நேரத்தில் 2017 அணி உடைந்ததோ அதே நேரத்தில் இவர்கள் உடையவில்லை.

நெல்லைச் சீமையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

2017 அணியின் 21 பேரில் 8 பேர் மணிப்பூர்க்காரர்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை. 2011 கணக்கெடுப்பில் மணிப்பூரின் மக்கள்தொகை 28 லட்சத்துச் சொச்சம். அன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை மட்டும் சேர்த்தாலே 48 லட்சம் தாண்டும். பிள்ளைகள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

பந்து ஆசை குறைவு என்றும் சொல்ல முடியாது. காயல்பட்டினத்தில் கோடை வந்தால் மவ்லானா அபுல் கலாம் ஆசாத் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு வெளிமாநில அணிகள் வரும், ஊரே மைதானத்தில் இருக்கும். உவரி, இடிந்தகரை, கூடுதாழை, மணப்பாடு, புன்னைக்காயல் என்று கடற்கரை நெடுக மாலையில் மணலில் பந்து ஓடும், கோயில் திருவிழாவுக்கு ஒரு கோப்பை இருக்கும். பாளையங்கோட்டைப் பள்ளி, கல்லூரி மைதானங்களில் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து உண்டு.

ஆனால் இவை அத்தனையும் நாக்-அவுட். தோற்றால் வீடு. பள்ளி அளவில் குறுவட்டப் போட்டி, அதில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அதற்கு மேல் மாநிலம். ஒரு குறுவட்டத்தில் 16 பள்ளிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டம். எட்டுப் பள்ளிப் பையன்கள் ஓர் ஆட்டத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அவர்களுக்கு அந்த ஆண்டின் போட்டி ஆட்டம் அவ்வளவுதான். சராசரி போட்டால் ஓர் அணிக்கு இரண்டு ஆட்டம்கூட வராது. ஒரே நாளில் பல ஆட்டங்களை முடிக்க வேண்டும் என்பதால் பாதிநேரத்தையும் சுருக்கிவிடுவது வழக்கம். இருபது நிமிடப் பாதிகள் ஆடி வளர்ந்த பையனுக்கு 49-ஆம் நிமிடம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, 83-ஐ எங்கே போய்ப் பார்ப்பான்?

நாக்-அவுட் இன்னொரு கெடுதலும் செய்கிறது. தோற்கக் கூடாது என்ற பயத்தில் பின்னால் பந்து வந்ததுமே வெளியே நிற்பவர்கள் எல்லோரும் "ஏலே, தூக்கி அடில!" என்று கத்துகிறார்கள். பெற்றோர் கத்துகிறார்கள், பி.இ.டி. சாரும் கத்துகிறார். பன்னிரண்டு வயதுப் பையன் தலையைத் தூக்கிப் பார்த்து ஒரு பாஸ் கொடுக்கத் துணிந்து, அது தப்பாகி கோல் விழுந்தால், அந்த ஆண்டு முழுக்கப் பேச்சு வாங்குவான். லீக் என்றால் அந்தத் தப்பைச் செய்ய அவனுக்கு இடம் உண்டு, அடுத்த ஞாயிறு இருக்கிறது.

நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு மாற்று உதாரணம் கோவில்பட்டி ஹாக்கி. ஊரையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்த்துப் பல கிளப்புகள், விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி, லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. அங்கே மட்டை பிடிக்கிற பையனுக்கு எதிரில் ஆட ஆள் கிடைக்காத நாள் குறைவு. 2022 ஆசியக் கோப்பைக்குப் போன இந்திய ஹாக்கி அணியில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும், அந்த விடுதியில் பயிற்சி பெற்ற அரியலூரின் கார்த்தி செல்வமும் இருந்தார்கள். கரிசல் மண்ணிலிருந்து தேசிய அணிக்குப் போக முடிகிறது என்றால், தாமிரபரணிக் கரையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் கால்பந்துக்குப் போக முடியாததற்கு மண் காரணமில்லை.

செய்யக்கூடியது

பெரிய அகாடமி, செயற்கைப் புல்தரை எல்லாம் வரும்போது வரட்டும். அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒரு லீக். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், காயல்பட்டினம், தூத்துக்குடி, உவரி, தென்காசி என்று ஆறு இடத்து அணிகள், 14 வயதுக்குட்பட்டோர். ஒருவரோடு ஒருவர் தன் ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று ஆடினால் ஓர் அணிக்கு 10 ஆட்டம், மொத்தம் 30. எட்டு அணிகள் சேர்ந்தால் ஓர் அணிக்கு 14. நாக்-அவுட்டில் ஒரு பையனுக்கு ஏழு ஆண்டில் கிடைப்பது இங்கே ஓர் ஆண்டில் கிடைத்துவிடும்.

காலத்தையும் நம் ஊர்க் கணக்குக்கு ஏற்றபடி வைக்க வேண்டும். பள்ளி திறந்து ஜூன் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் வரை பாதி ஆட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் குளமாகிவிடும், அப்போது நிறுத்திவிட்டு பொங்கல் கழித்து மீதியை ஆடினால் மார்ச் பரீட்சைக்குள் முடியும். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் கடற்கரைப் பையன்களுக்கும் தோது. அன்றைக்குக் கடலுக்குப் போகமாட்டார்கள், பூசை முடிந்ததும் அப்பாமார்களே பந்து பார்க்க வருவார்கள். செலவு என்று பார்த்தால் போக வர ஒரு வண்டி, கோடு போடச் சுண்ணாம்பு, நடுவருக்குப் படி, தண்ணீர், வாழைப்பழம். இதைத் தாங்குகிற மனசு ஊர்க் கமிட்டிகளுக்கும் பழைய ஆட்டக்காரர்களுக்கும் உண்டு. திருவிழாக் கோப்பைக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு போதும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். முதலாவது வயது. 17 வயதுக்குட்பட்ட உலகப் போட்டிகளில் மணிக்கட்டை ஸ்கேன் எடுத்து வயதைச் சரிபார்க்கிறார்கள். சான்றிதழில் இரண்டு வயதைக் குறைத்து இங்கே கோப்பை வாங்கிக் கொடுத்த பையன் அங்கே நின்றுபோவான், அவனுக்காக இடத்தை இழந்த சின்னப் பையன் அதற்கு முன்பே ஆட்டத்தை விட்டிருப்பான். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது, எவ்வளவு நன்றாக ஆடினாலும் சரி.

இரண்டாவது, நேரத்தைச் சுருக்கக் கூடாது. 14 வயதுக்காரர்களுக்கு 35 நிமிடப் பாதி வையுங்கள், இடைவேளையை முழுசாகக் கொடுங்கள். பயிற்சியிலும் இதைப் பழக்கலாம். கோல் விழுந்ததும் பயிற்சி ஆட்டத்தை நிறுத்திக் கைதட்டிவிட்டு விடாமல், உடனே நடுவில் பந்தை வைத்து எதிரணிக்குக் கொடுத்து, அடுத்த ஐந்து நிமிடம் கோல் வாங்காமல் நிற்கச் சொல்லுங்கள். இடைவேளை முடிந்த முதல் பத்து நிமிடத்துக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வோர் அணியும் ஒரு நோட்டு வைத்து, அடித்த கோல், வாங்கிய கோல் இரண்டுக்கும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு வரட்டும். அந்த நோட்டைப் பி.இ.டி. சார் மட்டும் பார்த்தால் போதாது, பையன்களே எழுத வேண்டும். வரும் ஜூனில் தொடங்க விரும்பும் அணிகள் இப்போதே பிறப்புச் சான்றிதழ்களைத் திரட்டிவிட்டு, தங்கள் ஊர் மைதானம் எந்தெந்த ஞாயிறு காலியாக இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டால், கோடை விடுமுறைக்குள் ஆட்ட அட்டவணை போட்டுவிடலாம்.